தூண்டிலின் விலையைக் கேட்குமுன் இரையின் எடையைக் கேளுங்கள்



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் மாணவர்களின் பேச்சில் தூண்டில் வந்துவிடுகிறது. அதில் வியப்பில்லை. சுங்கை சோ, செரண்டா, பத்தாங்காலி, பெஸ்தாரி ஜெயா என வட சிலாங்கூரில் எங்குச் சென்றாலும் நீர்நிலைதான். செம்பனைத் தோட்டங்களின் வடிகால்கள், தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களின் வாய்க்கால்கள், கோலசிலாங்கூரில் கடலைச் சேரும் சிலாங்கூர் ஆறு, இவற்றோடு ஈயம் தோண்டிய பழைய குட்டைகள். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்தபின் மூடப்பட்ட சுரங்கங்கள் பல. அவை விட்டுச் சென்ற பள்ளங்களில் இன்று மழைநீரும் மீனும் நிறைந்துள்ளன. பத்து ஆராங்கில் 1960இல் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டபோதும் இதுவே நடந்தது.

நம் தாத்தாக்கள் மூங்கில் கம்பும் மண்புழுவுமாக விரால் பிடித்த இடங்களில், பேரன்கள் இன்று செயற்கை இரை வீசுகிறார்கள். மலாய் நண்பர்கள் ‘கெவாங்’ என்று அழைக்கும் அந்த இரைகளை வீசுவதற்கென்றே செய்யப்பட்ட தூண்டிற்கோல்களில் விலை உயர்ந்தவை ஆயிரம் ரிங்கிட்டை எளிதில் தாண்டுகின்றன. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். தொழிற்சாலையிலும் லாரியிலும் உழைக்கும் தந்தைக்கு அப்படிப்பட்ட ஒரு கோல், பாதி மாத உழைப்பையும் விஞ்சிய செலவு. ஆகவே இது பொழுதுபோக்குச் செய்தி அன்று. குடும்ப வரவு செலவுச் செய்தி.

இதில் பெற்றோர் இருவகையாக நடந்து கொள்கின்றனர். “மீன் பிடித்தால் படிப்புக் கெட்டுவிடும்” என்று முற்றாகத் தடுப்போர் ஒரு சாரார். பிள்ளை கேட்ட பெயரைக் கடையில் சொல்லி, விலை கூடியதையே வாங்கிக் கொடுத்து, தம் கடமை முடிந்தது என எண்ணுவோர் மறு சாரார். இரண்டும் பிழை என்பது என் கருத்து. முதல் வகைப் பிள்ளை சொல்லாமல் குட்டைக்குப் போகிறான். இரண்டாம் வகைப் பிள்ளை, தனக்குப் பொருந்தாத கருவியோடு போகிறான்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தார்கள். முதலில் கற்றல் நோக்கம். அதன் பிறகே பயிற்றுத்துணைப் பொருள். எவ்வளவு அழகான படமாயினும் அன்றைய நோக்கத்துக்கு உதவாவிட்டால் அது சுவரலங்காரமே. தூண்டிற்கோலுக்கும் இதே முறைதான். எந்த மீன், எந்த இடம், எந்த இரை, அந்த இரையை எப்படி அசைப்பது என்பவை தெரிந்த பிறகே கோலைத் தெரிவு செய்ய வேண்டும்.

கோலின் மீது எழுதியிருப்பதைப் படியுங்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே சில எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ‘1/4 முதல் 3/4 அவுன்ஸ்’ என்றிருந்தால் அந்தக் கோல் ஏறத்தாழ 7 கிராம் முதல் 21 கிராம் வரை எடையுள்ள இரைகளை வீசுவதற்கு உரியது. ஓர் அவுன்ஸ் 28.35 கிராம். அளவுக்குக் குறைந்த இரையைக் கட்டினால் கோல் வளையாது. இரை தொலைவு செல்லாது. அளவை மீறிய இரையை ஓங்கி வீசினால் கோல் முறியலாம். அடுத்துள்ள எண், எத்தனை பவுண்டு வலிமையுள்ள தங்கூசியைப் பயன்படுத்தலாம் என்பதைக் குறிக்கும். ஆறாம் ஆண்டுக் கணிதம் கற்ற பிள்ளை இவற்றைத் தானே கணக்கிட்டு விடுவான். கணக்கிடச் சொல்லுங்கள்.

வேறு இரண்டு சொற்களையும் அறிந்து கொள்ள வேண்டும். ஒன்று வலு: கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. மற்றொன்று வளைவு: கோல் எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது என்பது. நுனிப்பகுதி மட்டும் வளைவது விரைவு வகை. நடுப்பகுதி வரை வளைவது மித வகை. அடி வரை வளைவது மெது வகை. கடைக்காரர்கள் வலுவையும் வளைவையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்வதுண்டு. வலு மிகுந்த கோல் மித வளைவுடையதாகவும் இருக்கலாம். மெல்லிய கோல் விரைவு வகையாகவும் இருக்கலாம்.

இரைக்கு ஏற்ற கோல்

1. ரப்பர்த் தவளை. ஆகாயத்தாமரைக்கும் புல்லுக்கும் நடுவே பதுங்கும் விராலுக்கு நம் வட்டாரத்தில் அதிகம் வீசப்படுவது இதுவே. முள் தவளையின் உடலோடு ஒட்டி மறைந்திருக்கும். மீன் கவ்வியதும் வலுவாக இழுத்தால்தான் முள் தைக்கும். தைத்த மீனைப் புல்லுக்குள் புகவிடாமல் உடனே வெளியே கொணர வேண்டும். எனவே வலு மிகுந்த, விரைவு வகைக் கோலும் 30 பவுண்டுக்குக் குறையாத பின்னல் நூலும் தேவை. இங்கு வேண்டுவது உறுதி, நுண்ணுணர்வு அன்று.

2. நீருக்குள் நீந்தும் மரமீன், நெகிழி மீன். இவற்றில் சிறிய மும்முனை முட்கள் தொங்கும். ஓடும் இரையை மீன் தானே துரத்திக் கவ்வும். கோல் விறைப்பாக இருந்தால் அந்தச் சிறு முட்கள் வாயைக் கிழித்துக் கொண்டு வெளியேறிவிடும். ஆகவே நடுவரை வளைந்து கொடுக்கும் மித வகையே பொருந்தும். கண்ணாடி இழை கலந்த கோல் இதற்கு மிக நன்று. கண்ணாடி இழை விலை குறைந்தது என்பதையும் மனத்தில் கொள்க.

3. மேற்பரப்பில் துள்ளும் இரைகள். இவற்றை மணிக்கட்டால் தட்டித் தட்டி அசைக்க வேண்டும். ஆறடி அல்லது ஆறரை அடிக்கு மேற்படாத, நடுத்தர வலுவுள்ள கோல் போதும். நீளமானால் நுனி நீரில் அடிக்கும். சிறுவனின் கை சோர்ந்துவிடும்.

4. அடிநிலத்தில் உருளும் ஈயத்தலை இரை, மென்புழு. மீன் கவ்வியது கண்ணுக்குத் தெரியாது. நூலின் வழியே சிறு துடிப்பாகக் கைக்கு வரும். இங்குத்தான் விலை உயர்ந்த கரிம இழைக் கோலின் பயன் மெய்யாகவே தெரியும்.

5. சிலாங்கூர் ஆற்றின் உடாங் காலா எனும் பெரிய இறால். இதற்குச் செயற்கை இரை தேவையில்லை. நுனி மென்மையான, மெதுவாக வளையும் மெல்லிய கோல்தான் உகந்தது. தவளை வீசும் கோலால் இறால் பிடிக்க முனைவது, கோடரியால் பென்சில் சீவுவது போன்றது.

விலை எதற்கு?

‘மெகாபாஸ்’, ‘ஷிமானோ’, ‘டைவா’, ‘ஜி. லூமிஸ்’ போன்ற பெயர்களின் உயர்நிலைக் கோல்கள் வெறும் பகட்டு என்று நான் கூறமாட்டேன். உயர்தரக் கரிம இழையால் கோல் எடை குறைகிறது. துடிப்பு தெளிவாகக் கைக்கு வருகிறது. நூல் செல்லும் வளையங்கள் தேயாமல் உழைக்கின்றன. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை வீசுகின்ற ஒருவருக்கு இவை பெரிய உதவி. ஆயினும் இழையின் விறைப்பு கூடக்கூட அது அடிபட்டால் தாங்காது. படகு விளிம்பிலோ கார்க் கதவிலோ மோதினால், கண்ணாடி இழை பொறுத்துக் கொள்வதை உயர்தரக் கரிமம் பொறுப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் கோலைக் கட்டிக் கொண்டு தோட்டச் சாலையில் போகும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எது ஏற்றது என்பதை நீங்களே கூறுங்கள்.

மேலும், அக்கோல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வாழும் ‘பாஸ்’ மீனை எண்ணிச் செய்யப்பட்டவை. அம்மீன் நம் குட்டைகளுக்கு உரியது அன்று. இங்கு ‘பீகாக் பாஸ்’ என்றும் ‘ராஜா’ என்றும் அழைக்கப்படுவது தென்னமெரிக்காவிலிருந்து கொணரப்பட்ட வேறு இன மீன்; நம் சிறுமீன்களை விழுங்கிப் பெருகும் அயல் இனம். தோமானோ எந்தப் பாஸையும் விட முரட்டுத்தனமாக இழுப்பது. விளம்பரத்தில் ‘பாஸுக்குச் சிறந்தது’ என்றிருப்பது நம் விராலுக்கும் தோமானுக்கும் சிறந்தது என்று பொருள்படாது.

1932 ஜூன் 2ஆம் நாள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி எனும் இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பெருவாய்ப் பாஸைப் பிடித்தார். கரிம இழைக் கோல் அப்போது தோன்றவே இல்லை. அந்த எடையை எட்டிப்பிடிக்க உலகத்துக்கு 77 ஆண்டுகள் ஆயின. 2009 ஜூலை 2ஆம் நாள் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரித்தா பிடித்த மீன் ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடியிருந்ததால் இரண்டும் சமநிலைச் சாதனைகளாகப் பதிவாயின. ஒரு மீனைக் கொண்டு எதையும் நிறுவிவிட முடியாதுதான். ஆயினும் விலையே மீனைப் பிடிக்கிறது என்று நம்பும் பிள்ளைக்கு இக்கதையைச் சொல்லலாம்.

என் பரிந்துரை இது. தொடங்கும் பிள்ளைக்கு ஆறரை அடி நீளமுள்ள, நடுத்தர வலுவுள்ள, 7 முதல் 18 கிராம் வரை வீசக்கூடிய ஸ்பின்னிங் வகைக் கோல் ஒன்று போதும். கண்ணாடி இழையும் கரிம இழையும் கலந்ததாக இருக்கட்டும். வளையங்களுக்குள் சிறிது பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் வளையத்தில் விரிசல் உண்டு, வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். ஓராண்டு கழித்து, பிள்ளை எந்த முறையை அதிகம் விரும்புகிறான் என்பது தெரிந்தபின் அதற்கென இரண்டாவது கோல் வாங்கலாம். அப்போதும் பணத்தை அடிநில இரைக்கான கோலில் செலவிடுங்கள். தவளைக் கோலில் வேண்டாம்.

விலைச்சீட்டில் எழுதப்படாதவை

கரிம இழை மின்சாரத்தைக் கடத்தும். கோலின் விலை கூடக்கூட அதில் கரிமமும் பெரும்பாலும் கூடும். நம் வட்டாரத்தில் பிற்பகல் இடிமழை அன்றாட நிகழ்ச்சி. திறந்த குட்டைக் கரையில் ஏழடிக் கரிமக் கோலை உயர்த்திப் பிடித்து நிற்கும் சிறுவன், தன் தலைக்கு மேலே ஓர் இடிதாங்கியை ஏந்தி நிற்கிறான். முதல் இடியோசை கேட்டவுடன் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ செல்ல வேண்டும்; கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். மின்கம்பிகளுக்குக் கீழே வீசவே கூடாது.

ஈயக்குட்டைகள் ஆற்றைப் போல மெல்ல ஆழமாவதில்லை. கரையிலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் ஆள் உயரத்துக்கும் மேல் பள்ளம் இருக்கலாம். கரை மணல் சரியும். அடியில் சேறு காலைப் பிடிக்கும். சிக்கிய இரையை எடுக்க நீரில் இறங்குவதே பெரும் ஆபத்து. இரையின் விலை எவ்வளவாயினும் நூலை அறுத்துவிடச் சொல்லுங்கள். விலை உயர்ந்த இரையைக் கொடுத்தனுப்பும் பெற்றோர், ‘அது போனால் போகட்டும்’ என்ற அனுமதியையும் சேர்த்துக் கொடுத்தனுப்ப வேண்டும். ஏச்சுக்கு அஞ்சியே பிள்ளை நீரில் இறங்கிவிடக்கூடும்.

இன்னொன்று உண்டு. விராலும் தோமானும் தம் குஞ்சுகளைக் காத்து நிற்கும் மீன்கள். தோமான் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மேற்பரப்பில் குமிழியிடும்; தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். அவ்விடத்தில் தவளையை வீசினால், பசியில்லாவிட்டாலும் பெற்ற மீன் சினந்து பாயும். இது எளிய வெற்றி. ஆனால் காவல் போனபின் அக்குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். குஞ்சுக் கூட்டத்தின் மேல் வீசுவதில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம்தாம் சொல்லித் தர வேண்டும். எந்தக் கடையிலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கோல் கேட்கும்போது மறுக்கவும் வேண்டாம். உடனே பணத்தை எடுக்கவும் வேண்டாம். ஒரு தாளைக் கொடுத்து மூன்று வினாக்களுக்கு விடை எழுதச் சொல்லுங்கள். எந்த மீனை, எங்கே பிடிக்கப் போகிறாய்? எந்த இரையை வீசப் போகிறாய், அதன் எடை எத்தனை கிராம்? உன்னோடு வரும் பெரியவர் யார்? ஆசிரிய நண்பர்களும் எடை, நீளம் கற்பிக்கும் வகுப்பில் இதை ஒரு பயிற்சியாகத் தரலாம். வழக்கமாகப் பின் இருக்கையில் உறங்குபவன் அன்று முதலில் கை தூக்கக்கூடும்.

மூன்றாம் வினாவுக்கு விடை இல்லையென்றால் கடைக்குப் போக வேண்டியதில்லை. விடை இருந்தால், அந்தத் தாளையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் பட்டியலின் முதல் வரியில் உயிர்காப்புச் சட்டையை எழுதுங்கள். மீந்த பணத்துக்குக் கோலைப் பாருங்கள்.