அடுத்தது பட்டன் போனின் முறை

என் மேசை இழுப்பறையில் ஒரு டேட்டா கார்டு கிடக்கிறது. 3ஜி வந்த காலத்தில் வாங்கியது. விழுப்புரத்தில் நன்றாக ஓடும். திண்டிவனத்தில் ஜன்னலோரம் வைத்தால்தான் சிக்னல். செல்போனிலேயே ஹாட்ஸ்பாட் வந்தபிறகு அதைத் தொடவில்லை. அது கெட்டுப்போகவில்லை, அதன் காலம் போய்விட்டது.

அடுத்து 2ஜி பட்டன் போன். 2016 செப்டம்பரில் வந்த ஜியோவில் 2ஜியே கிடையாது. 2020-ல் முகேஷ் அம்பானி, 2ஜியைப் பழங்கதையாக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொண்டார். 2022 அக்டோபரில் வந்த 5ஜி, இப்போது கம்பியில்லாமல் வீட்டுக்கு வைஃபை தரும் பெட்டியாகவும் விற்பனையாகிறது. சந்தை போகும் திசை தெரிகிறது.

ஆனால் நம் வயதுக்காரர்கள் பலருக்கு வேண்டியது பேச்சும் பேங்க் ஓடிபியும்தான். டேட்டா இல்லாமல், பேசவும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜையும் கம்பெனிகள் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்கவேண்டும்.

போன் மாற்றுவதானால் 4ஜி பட்டன் போன் போதும். இரண்டே கேள்வி கேளுங்கள். வோல்டி உண்டா? அது இல்லாவிட்டால் 4ஜியில் பேச முடியாது. எந்தக் கம்பெனி சிம்மும் ஏற்குமா? ஏற்காவிட்டால், சிம் மாற்றும் நாளில் அதுவும் இழுப்பறைக்குத்தான்.

2ஜியை மூடுவதானால் மூடட்டும். அதற்கு முன், தனியாக இருக்கும் முதியோர் கையில் மாற்றுப் போன் இருக்கவேண்டும். இலவச டிவியும் லேப்டாப்பும் கொடுத்த மாநிலத்துக்கு ஒரு பட்டன் போன் பெரிய செலவா?