"ராத்திரி எப்படிப் போகுது?"

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

தகுதி வழக்கு மூன்று என்று வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது மங்கலம். துஞ்சினார் என்றால் தூங்கினார். இலக்கணத்தில் அழகுதான். ஆனால் கடும் நோயோடு படுத்திருக்கும் குழந்தையின் காதுபட "தாத்தா தூங்கிட்டாரு", "பக்கத்து பெட் பையன் சாமிகிட்ட தூங்கப் போயிட்டான்" என்று சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கு அது மங்கலம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது செய்தி. தூங்கினால் திரும்பி எழ மாட்டோம் என்று அது எடுத்துக்கொள்ளும். பிறகு நள்ளிரவிலும் கண்ணை மூடாமல் இருந்தால் நாம் "அடம்" என்போம்.

பாலியேட்டிவ் கேர் என்றதும் கடைசி நாட்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. குழந்தைகளுக்கு அது நோயைக் கண்டுபிடித்த நாளிலேயே தொடங்க வேண்டும், நோய்க்கான மருத்துவம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. புற்றுநோய் மட்டுமல்ல, தசைச் சிதைவு, மூளை பாதிப்பு என்று பல வருடம் நீளும் நோய்களும் இதில் உண்டு. அந்த வீடுகளில் தூக்கமில்லாத ராத்திரிகளும் பல வருடம்.

என் கருத்து இதுதான். இந்தப் பிள்ளைகளின் தூக்கத்தை நாம் கடைசிக் குறையாக வைக்கிறோம். "இருக்கிற நோய்க்கு நடுவுல தூக்கத்தைப் போய் டாக்டர்கிட்ட சொல்றதா?" என்று தாய்மார்கள் விழுங்கிவிடுகிறார்கள். முதலில் சொல்ல வேண்டியதே அதைத்தான். தூக்கம் கெடுவதற்குப் பின்னால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் இருக்கும்.

முதல் சந்தேகம் வலி. பகலில் ஆளும் பேச்சும் இருக்கும். ராத்திரி வலியைத் தவிர வேறு துணை இல்லை. பேச வராத பிள்ளை முகத்தைச் சுளிக்கும், காலை மடக்கி இழுக்கும், முனகும். மலச்சிக்கல், அரிப்பு, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, தூக்கத்தில் வரும் வலிப்பு, இவையும் உண்டு. ஸ்டீராய்டு மருந்து தூக்கத்தைக் கெடுக்கும்; காலையிலேயே கொடுத்து முடிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நடுச்சாமத்தில் எழுப்பிக் கொடுக்கும் மருந்துகளின் நேரத்தை மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். எத்தனை மணிக்கு விழித்தது, அப்போது என்ன செய்தது என்று நான்கு நாள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

மார்ஃபின் என்றாலே நம் வீடுகளில் பயம். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளே அதை வாங்கி வைக்கத் தயங்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகும் நம் மனம் திருந்தவில்லை. வலிக்கு டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பது வேறு, போதைக்கு எடுப்பது வேறு. பல நாள் வலியில் விழித்திருந்த பிள்ளை வலி அடங்கியதும் முதல் ஓரிரு நாள் அதிகம் தூங்கும். பெரும்பாலும் அது பட்ட கடனை அடைக்கும் தூக்கம். தட்டினாலும் எழவில்லை, மூச்சு மிகவும் மெதுவாக இருக்கிறது என்றால் மட்டும் ஒரு நிமிடம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்கள். பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். மார்ஃபினோடு அது சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடக்கூடும்.

பயத்துக்கு மாத்திரை கிடையாது. பக்கத்தில் ஒரு ஆள், மங்கலாக ஒரு விளக்கு, தினமும் அதே வரிசையில் முகம் துடைப்பது, கதை, தாலாட்டு. பிள்ளை "நான் செத்துடுவேனா?" என்று ராத்திரியில் கேட்டால் "அபசகுனமாப் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். "ஏன் கண்ணு, என்ன நினைச்சே?" என்று கேட்டுவிட்டுக் காது கொடுங்கள். அது கேட்க வந்தது பல நேரம் வேறாக இருக்கும்: அம்மா கூடவே இருப்பாளா, வலிக்குமா.

இனி உறவினர்களுக்கு. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு மதியம் இரண்டு மணிக்குக் கூட்டமாகப் போகிறோம். அப்போதுதான் அந்தப் பிள்ளை கண்ணயர்ந்திருக்கும். திருஷ்டி, பரிகாரம், இன்னொரு டாக்டர் என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டு வருகிறோம். "ராத்திரி எப்படிப் போகுது?" என்று அந்தத் தாயைக் கேட்கிறவர் யாரும் இல்லை. அவள் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று? தூங்காத தாய் மருந்தின் அளவை மறப்பாள், மற்றப் பிள்ளையிடம் எரிந்துவிழுவாள்.

அதனால் சித்திகளே, அத்தைகளே, மாமாக்களே, வாரத்தில் ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ராத்திரி அவளோடு சேர்ந்து விழித்திருந்து எந்த மருந்து எப்போது, பிள்ளைக்கு எந்தப் பக்கம் படுத்தால் சுகம் என்று கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது ராத்திரி அவளை அடுத்த அறையில் படுக்கச் சொல்லிக் கதவைச் சாத்துங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் உண்டு.

நர்ஸாகவும் டாக்டராகவும் இருக்கும் என் பிள்ளைகள் நான் விட்டதைக் கமெண்டில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். படிக்கப்போகிற தாய்மார்கள் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறார்கள்.