வல்லாளனுக்கு யார் சாட்சி?

திருவண்ணாமலைக் கல்லூரி மாணவி ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் இந்த வாரம் முதல் கட்டுரை எழுதினார். பொருள், அண்ணாமலையார் கோயிலின் வல்லாள மகாராஜா கோபுரம். 'சான்று தேவை' என்று யாரோ குறி போட்டார்கள். உடனே மாணவி ஓர் ஆன்மிக வலைத்தளத்தின் முகவரியைக் கொண்டுவந்து ஒட்டினார். அந்தத் தளமோ விக்கிப்பீடியாவின் பழைய பதிப்பை எழுத்துப்பிழையோடு அப்படியே அள்ளிப் போட்டிருந்தது. விக்கிப்பீடியாவுக்கு விக்கிப்பீடியாவே சாட்சி!

இந்தத் தளங்கள் மீது இந்தப் பத்தியாளருக்கு உள்ள கடுப்பு பழைய வாசகர்களுக்குத் தெரியும். ராஜகோபுரம் 217 அடி என்று ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் நகலெடுத்தால் பத்துச் சான்று ஆகிவிடாது. மாணவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேற்கோள் குறியை எங்கே திறந்து எங்கே மூடுவது என்று கற்றுத்தர ஆளுண்டு. அதற்குள் எதை வைப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை.

எதை வைப்பது? பழைய வாசகர்கள் பெருமூச்சு விடலாம். மறுபடியும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' எட்டாம் தொகுதிதான். அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகள் அதில் வரிசை எண்ணோடு அச்சாகியிருக்கின்றன. மொழிபெயர்ப்போடு வேண்டுமா? பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்து, 1990-ல் புதுச்சேரியிலிருந்து வந்த திருவண்ணாமலைக் கல்வெட்டுத் தொகுதிகள் இருக்கின்றன. 'கல்வெட்டில் உள்ளது' என்று மட்டும் எழுதுவது, ஊர்ப்பெயரை மட்டும் எழுதித் தபால்பெட்டியில் போட்ட கடிதம். தொகுதி, கல்வெட்டு எண், பக்கம் மூன்றும் இருந்தால் முன்பின் தெரியாதவரும் எடுத்துப் பார்த்துவிடுவார்.

கோபுரம் கிடக்கட்டும். வல்லாளன் கதைக்கு வருவோம்.

ஹொய்சளத் தலைநகரான துவாரசமுத்திரத்தைத் தில்லிப் படைகள் சூறையாடிய பின், ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையைத் தலைமையிடமாக்கிக்கொண்டான். எண்பது வயதுக்கு மேல் மதுரை சுல்தானோடு போரிட்டுப் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். வைக்கோல் அடைத்த அவன் தோல் மதுரை மதிலில் தொங்கியதைக் கண்ணால் பார்த்ததாகப் பயணி இபின் பதூதா எழுதியிருக்கிறார். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்திலோ, பிள்ளையில்லாத அந்த அரசனுக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வருகிறார். இன்றும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருள, வல்லாளனுக்குத் திதி நடக்கிறது.

புதியவர் திணறுவது இங்கேதான். புராணத்தை வரலாறாக எழுதினால் யாராவது வெட்டுவார்கள். அடியோடு விட்டால் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'சிவன் மகனாக வந்தார்' என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். 'என்று அருணாசல புராணம் கூறுகிறது' என முடித்து, சருக்கத்தையும் பதிப்பையும் குறித்தால் போதும், நூலே சான்று. திதிக்கு நாளிதழ்ச் செய்தி, தேதியோடு. மன்னனின் முடிவுக்கு பதூதா.

பதூதாவையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது. வல்லாளனைக் கொன்ற கியாசுதீன் தம்கானி அவருக்குச் சகலை. இரண்டு பேரும் மதுரையின் முதல் சுல்தானுடைய மகள்களைக் கட்டியவர்கள். மாணவி இதை அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டால் நல்லது, பக்க எண்ணோடு.