துப்பாக்கி விளையாட்டு சலித்துவிட்டதா? நல்லது!

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். செல்போன் விளையாட்டுக்கும் அது பொருந்தும்.

ஒரு காலத்தில் சோறு தண்ணீர் மறந்து துப்பாக்கிச் சண்டை ஆடிய வாலிபர்கள் பலருக்கு இன்று அதில் ருசி இல்லை. கையில் போன் இருக்கிறது. போனில் விளையாட்டும் இருக்கிறது. ஆனால் மனம் அதில் போகவில்லை.

"எனக்கு என்ன ஆயிற்று?" என்று பையன் விழிக்கிறான். "பிள்ளை ஏன் ஒரு மாதிரி இருக்கிறான்?" என்று தாயார் கவலைப்படுகிறாள்.

கவலை வேண்டாம். இது நல்ல அறிகுறி!

நூறு பேர், ஒரு தீவு

"பப்ஜி" என்ற பெயரைக் கேட்காதவர்கள் குறைவு. தென்கொரியாவில் பிறந்த விளையாட்டு இது. 2017-ல் கம்ப்யூட்டருக்கும், 2018-ல் செல்போனுக்கும் வந்தது.

ஆட்டம் எளிதானது. 100 பேர் விமானத்தில் இருந்து பாரசூட் மூலம் ஒரு தீவில் குதிப்பார்கள். காலி வீடுகளில் நுழைந்து துப்பாக்கி தேடுவார்கள். ஒருவரை ஒருவர் சுடுவார்கள். நிற்கும் இடமோ சுருங்கிக் கொண்டே வரும். கடைசியில் உயிரோடு நிற்பவனுக்கு வெற்றி.

காரைக்காலில் இதற்கு இன்னொரு கவர்ச்சியும் இருந்தது. பிரெஞ்சு ஆட்சி இங்கே 1954 நவம்பர் 1-ந் தேதி முடிந்தது. ஆனால் உறவு முடியவில்லை. பல குடும்பங்களுக்கு பிரான்சில் சொந்தக்காரர்கள் உண்டு. 2020 தடைக்கு முன்பு அரசலாற்றங்கரையில் இருக்கும் பையனும், பாரிசில் இருக்கும் அவன் சித்தப்பா மகனும் ஒரே தீவில் குதிக்க முடிந்தது. "அண்ணே, பின்னால் ஆள் வருகிறான்!" என்று கத்த முடிந்தது. இது சாதாரண சந்தோஷமா?

ஏன் சலிக்கிறது?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஆட்டத்துக்கு சுமார் அரை மணி நேரம். தனித்தனியாக 100 பேர் ஆடினால் ஜெயிப்பவன் ஒருவன். தோற்பவர்கள் 99 பேர். எல்லோரும் சம திறமைசாலிகள் என்றால், ஒருவனுக்கு 100 ஆட்டத்தில் ஒரு வெற்றி. அதாவது, 50 மணி நேரத்துக்கு ஒரு வெற்றி!

ஆரம்பத்தில் இது தெரியாது. எங்கே குதிப்பது, எங்கே ஒளிவது, எந்தத் துப்பாக்கி நல்லது என்று தினம் ஒரு பாடம். கற்கும்வரை மனம் குதிக்கும். ஆயிரம் ஆட்டம் ஆன பிறகு, தீவின் ஒவ்வொரு சந்தும் மனப்பாடம். கற்க ஒன்றும் இல்லை. சலிப்பு வருகிறது. இது குறை அல்ல. பாடம் முடிந்தது என்று மனம் அடிக்கும் மணி!

அப்பாக்களும் ஆடியவர்களே

மகனைத் திட்டும் தகப்பனார் தம் சிறு வயதை நினைத்துப் பார்க்கட்டும். 1993-ல் ஒரு ஜப்பானியக் கம்பெனி அடிதடி விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. அதில் வரும் ஒரு வீரன் பெயர் முஸ்தபா. விளையாட்டின் உண்மைப் பெயர் பலருக்குத் தெரியாது. "முஸ்தபா கேம்" என்றே சொன்னார்கள். வீடியோ கேம் கடையில் காசு போட்டு, பொத்தான் தேயத் தேயத் தட்டினார்கள். இன்று அந்தப் பைத்தியம் எங்கே? தானாகப் போய்விட்டது!

அதற்கும் முன்னால் பம்பரக் காலம், கோலிக் காலம், பட்டக் காலம் என்று இருந்தது. ஒரு காலம் முடிந்தால் அடுத்தது வரும். பம்பரத்தைப் பரணில் போட்டதற்காக எந்தப் பையனும் அழவில்லை.

மாங்கனித் திருவிழாவும் அப்படித்தான். ஆனி மாதம் வருகிறது, முடிகிறது. முடிவதால்தான் மறு ஆண்டு இனிக்கிறது.

முடியாத சீசன்

செல்போன் விளையாட்டுக் கம்பெனிகளுக்கு இந்த ரகசியம் தெரியும். அவர்களும் "சீசன்" என்கிறார்கள். ஆனால் ஒரு சீசன் முடியும் முன்பே அடுத்ததற்கு அழைப்பு வந்துவிடும். புதுச் சட்டை, புதுத் தொப்பி, துப்பாக்கிக்குப் புது வர்ணம். அத்தனைக்கும் விலை! அந்தச் சட்டை குண்டைத் தடுக்காது. அழகுக்கு மட்டும்தான்.

ஆகவே, சலித்த பிறகும் பையன் ஆடுகிறான். "இவ்வளவு பணம் போட்டேனே" என்று ஆடுகிறான். "நண்பர்கள் கோபித்துக் கொள்வார்களே" என்று ஆடுகிறான். சந்தோஷம் போய், கடமை வந்துவிட்டது. ஆபத்து இங்கேதான்.

தடை செய்தது என்ன?

2020 செப்டம்பர் 2-ந் தேதி மத்திய சர்க்கார் பப்ஜி உள்பட 118 செயலிகளைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அது வேறு பெயரில், இந்தியாவுக்கென்று தனியாக வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நின்றது. 2023 மே மாதம் திரும்பியது. அப்போது 18 வயது ஆகாதவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று அளவு வைத்தார்கள்.

தடைக்கு அவசியம் இருக்கலாம். ஆனால் பிடுங்கிய பண்டத்தின் மேல்தான் ஆசை அதிகம். சலித்த பண்டத்தைக் கை தானாக விடும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

சலிப்பு வந்த நேரம் பொன்னான நேரம். "அப்போதே சொன்னேனே!" என்று குத்திக் காட்டினால், பையன் வீம்புக்கு மீண்டும் ஆடுவான்.

காலி இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்காரும். அது காசு வைத்து ஆடும் சூதாக இருந்தால் குடும்பம் போச்சு. அப்படிப்பட்ட ஆன்லைன் பண விளையாட்டுகளுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டமே செய்தது.

பாரிஸ் தம்பியை விட வேண்டாம். துப்பாக்கி இல்லாமலும் போனில் பேசலாம். சாயங்காலம் கடற்கரைக் காற்று இருக்கிறது. கபடியும் கைப்பந்தும் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. விளையாட்டில் மட்டும் அல்லாமல் எதிலுமே ஆர்வம் போய், சாப்பாடும் தூக்கமும் பல நாள் கெட்டால், அது வெறும் சலிப்பு அல்ல. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

மற்றபடி, ஒரு விளையாட்டைத் தானாக விட்ட பையன் ஒரு படி வளர்ந்திருக்கிறான். அப்போது தகப்பனார் கையில் பிரம்பு வேண்டாம். ஒரு பந்து இருந்தால் போதும்!