தேயிலைப் பெட்டிக்குள் மாயாவி

தேயிலைத் தூளுக்குத் தரமும் உண்டு, விலையும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல என்பது குன்னூரில் அந்தத் தொழிலைத் தொட்ட யாருக்கும் தெரியும். மூட்டையின் மேல் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று எழுதியிருப்பது துகளின் அளவு மட்டுமே. ருசியைச் சொல்ல டீ டேஸ்டர் ஒரு வாய் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். விலையைச் சொல்வதோ ஏலம். 1963 முதல் இந்த ஊரில் நடக்கும் ஏலத்தில், ஒரே எழுத்துகள் போட்ட இரண்டு மூட்டைகள் ஒரே நாளில் இரண்டு விலைக்குப் போவதை இங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

பழைய காமிக்ஸ் இதழ்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்தத் தெளிவு எங்கோ நழுவிவிடுகிறது. அமெரிக்காவில் ஒரு சூப்பர்மேன் இதழ் பல கோடிக்கு விற்றது என்று செய்தி வந்தால் போதும், "எங்க வீட்டுப் பரண்ல முத்து காமிக்ஸ் கிடக்கு, லட்சம் தேறுமா?" என்ற கேள்வி வருகிறது. கேட்பவர்கள் பேராசைக்காரர்கள் அல்ல. எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ இறங்குகிறவர்கள், அப்பாவின் சாமான்களைப் பிரிக்கிறவர்கள். அவர்களுக்குச் சரியான பதில் கிடைக்காவிட்டால் அந்தப் புத்தகங்கள் எடைக்குப் போகும். அல்லது முதலில் வந்து கேட்டவர் சொன்ன விலைக்குப் போகும். அதனால் பொறுமையாகவே பார்ப்போம்.

முதலில் தரம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சி.ஜி.சி. என்ற நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் இந்த வேலையைத் தொடங்கியது. அனுப்பப்படும் இதழை ஆராய்ந்து 0.5 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 25 படிகள். முதுகு மடிப்பில் உள்ள சின்னச் சின்னக் கோடுகள், அட்டையின் மூலைகள், ஸ்டேப்ளர் பின்னின் துரு, தாளின் நிறம், கிழிசல், எழுத்து, கறை என்று எல்லாம் கணக்கில் வரும். பிறகு இதழைக் கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். சீட்டின் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. நீலம் என்றால் இயல்பான பிரதி. ஊதா என்றால் யாரோ வண்ணம் தொட்டு, கிழிசலை ஒட்டிச் சீர்படுத்திய பிரதி. அழகாகத் தெரிந்தாலும் ஊதாச் சீட்டுக்கு நீலச் சீட்டின் விலை கிடைக்காது.

அந்த மதிப்பெண் சொல்வது இவ்வளவுதான்: இந்தத் தாளுக்கு இதுவரை என்ன நேர்ந்தது என்பது. கதை நல்லதா, பிரதி அரிதா, யாராவது வாங்குவார்களா என்பதைப் பற்றி அது எதுவும் பேசாது. நம்மூர் பி.ஓ.பி. மாதிரியே.

விலைக்கு வேறு கணக்கு. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938 ஜூன் தேதியிட்டு, 10 சென்ட் விலையில் வந்தது. சுமார் 2 லட்சம் பிரதிகள் அச்சானதாகச் சொல்லப்படுகிறது. இன்று மிஞ்சியிருப்பவை நூறு அளவில்தான் என்பது மதிப்பீடு. 2014-இல் 9.0 மதிப்பெண் பெற்ற ஒரு பிரதி 32 லட்சம் டாலருக்குப் போனது. 2024-இல் 8.5 பெற்ற வேறொரு பிரதி 60 லட்சம் டாலருக்குப் போனது. மதிப்பெண் குறைவு, விலை ஏறத்தாழ இரட்டிப்பு. பத்து ஆண்டுகளில் வாங்குகிறவர்களின் ஆசையும் பணமும் கூடியதுதான் அந்த வித்தியாசம்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் அங்கேயே இருக்கிறது. 1991-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எதிர்காலத்தில் பணமாகும் என்று நம்பி வாங்கியவர்கள் உறையிலிட்டுப் பத்திரமாக வைத்தார்கள். எல்லோரும் பத்திரமாக வைத்ததால் இன்றும் புத்தம்புதிதாகக் கொட்டிக் கிடக்கிறது. தரம் உச்சத்தில் இருந்தும் பெரிய விலை இல்லை.

தமிழ்க் காமிக்ஸின் கதை இதைத் தலைகீழாக்கியது. 1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி: மின்சாரத்தைத் தொட்டதும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும் ஆள். பிரிட்டனில் ‘வேலியன்ட்’ வார இதழில் வந்த படக்கதை அது. 1984-இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்து, 2005 வரை 500 இதழ்கள் ஓடியது. டைம்ஸ் குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸ் 1964 முதல் 1990 வரை பல மொழிகளில் வந்தது. சில காலம் தமிழிலும் கிடைத்தது.

இவற்றை யாரும் சேர்த்து வைப்பதற்காக வாங்கவில்லை. சாணித்தாளில் அச்சடித்த புத்தகம். படித்துவிட்டு எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்ள வேண்டியது. லென்டிங் லைப்ரரிக்காரர் நாலைந்தை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, ஓரத்தை வெட்டி, காலிகோ முதுகு ஒட்டுவார். பின்னட்டையில் கூப்பன் இருந்தால் கத்தரிக்கோல் பாயும். தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மொத்தக் கட்டும் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறும். சென்னையில் பழைய புத்தகத்துக்குப் பெயர் போன மூர் மார்க்கெட்டும் 1985-இல் எரிந்து போனது. இத்தனையையும் தாண்டி வந்த பிரதிதான் இன்று நம் கைக்கு வருகிறது. அதனால்தான் நல்ல நிலையில் உள்ள எழுபதுகளின் முத்து காமிக்ஸுக்குத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேடலில் பெரும்பகுதி பால்யத்தைத் தேடுவது. அதைக் குறைவாக நினைக்கக் கூடாது. பணம் கொடுக்க வைப்பது அதுதான்.

சில வாரங்களுக்கு முன் குன்னூரில், ஓய்வு பெற்ற டீமேக்கர் ஒருவரின் வீட்டில் அப்படி ஒரு கட்டைப் பார்த்தேன். எஸ்டேட் வீடு மாறும்போதெல்லாம் சாமான் கட்டப் பயன்பட்ட பழைய பிளைவுட் தேயிலைப் பெட்டி. உள்ளே ஈயத்தாள் மாதிரி மினுங்கும் அலுமினிய உறை பாதி கிழிந்திருந்தது. மூடியைத் திறந்ததும் முதலில் எழுந்தது பூஞ்சை வாசனை. அதற்குள் மெல்லிசாகத் தேயிலை வாசனை. மேலே இருந்தது மாயாவி கதை ஒன்று.

அதைக் கையில் எடுக்காமல் மேசைமேல் வைத்தே பார்த்தோம். அட்டையின் சிவப்பு இன்னும் அடர்த்தியாக இருந்தது. வெயில் படவில்லை என்று பொருள். இரண்டு பின்னும் துருவேறி, சுற்றிலும் காபிக்கறை போல ஒரு வளையம். மேல் ஓரத்தில் அலை அலையாக ஈரம் ஏறி இறங்கிய தடம். தாள்களில் மிளகு தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். முதல் பக்கத்தில் ஊதா மையில் ஒரு பையனின் பெயரும் "ஆறாம் வகுப்பு" என்ற எழுத்தும். நடுத்தாள் இருந்தது, பலரும் பார்க்க மறப்பது அதைத்தான். பின் தளர்ந்தால் முதலில் கழன்று போவது நடுத்தாள். என் கணக்கில் அந்தப் பிரதி 10-க்கு 3 தேறும். அட்டையை மட்டும் படம் எடுத்துப் போட்டால் 6 என்று சொல்லி ஏமாற்றலாம்.

"மலையில குளிர்ல இருக்கிறதால நல்லா இருக்கும்னு நெனச்சேன் தம்பி" என்றார் அவர். அந்த நினைப்பில் பாதி உண்மை உண்டு. மலிவான காகிதத்தில் இருக்கும் அமிலம்தான் அதைப் பழுப்பாக்கி நொறுக்குகிறது. வெப்பம் கூடினால் அந்த வேலை வேகமாக நடக்கும், குளிரில் மெதுவாகும். மேலே சொன்ன 32 லட்சம் டாலர் பிரதி மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதியில் ஒருவர் தேவதாரு மரப் பெட்டிக்குள் பல காலம் வைத்திருந்தது. சேகரிப்பாளர்கள் இன்றும் வியந்து பேசும் எட்கர் சர்ச்சின் தொகுப்பு 1977-இல் டென்வரில் கிடைத்தது. ஆயிரக்கணக்கான இதழ்கள், பல அப்போதுதான் கடையிலிருந்து வந்தவை போல. ஆனால் டென்வர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர். 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரைவிடத் தாழ்வானது. அந்தத் தாள்களைக் காத்ததில் உயரத்தைவிட, இருட்டுக்கும் வறண்ட காற்றுக்குமே பெரும் பங்கு.

நீலகிரியின் காற்று அப்படி வறண்டதல்ல. ஜூன் முதல் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபரில் தொடங்கிக் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை. நடுவில் பனிமூட்டம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சைக்கு அது போதும். டிரையரிலிருந்து இறங்கும் தூளில் சுமார் 3 சதவீத ஈரம்தான் இருக்கும். திறந்து வைத்தால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பதம் கெடும் என்பதை அந்த டீமேக்கருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாளும் அப்படித்தான் குடிக்கும். அதைச் சொன்னதும் அவர் பெட்டியின் கிழிந்த உறையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை.

என்ன செய்யலாம்? புத்தகத்தை வெளிச்சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். மலை வீடுகளில் வெளிச்சுவர் எப்போதும் வியர்க்கும். அலமாரிக்குள் துணி காய பல்பு எரிய விடும் பழக்கம் இங்கே உண்டு. புத்தகத்துக்கு அது வேண்டாம், ஒரு பக்கம் சுட்டு மறுபக்கம் ஈரமாக இருந்தால் தாள் வளையும். மூடிய பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மழை மாதங்களில் அவ்வப்போது மாற்றுங்கள். ஈரப்பதத்தைக் காட்டும் சின்னக் கருவி அதிக விலையில்லை. அது 50-ஐ ஒட்டி நின்றால் நிம்மதி. ஒவ்வோர் இதழுக்கும் மைலார் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையும், பின்னால் அமிலமில்லாத அட்டையும் போதும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வாசனையடிக்கும் பி.வி.சி. ஃபோல்டர் வேண்டவே வேண்டாம். நாளடைவில் அது மையை இழுத்து ஒட்டிக்கொள்ளும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டையைத் தாளோடு சேர்த்துப் போட வேண்டாம். இருட்டும் உலர்வும் சுத்தமும் இருந்தால் பூச்சிக்கு அங்கே அதிக வேலையில்லை.

பூஞ்சை பிடித்த இதழை மற்றவற்றோடு வைக்காமல் பிரித்து, நிழலில் காற்றாட உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். அதற்கு மேல் கை வைக்காதீர்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், வெயிலில் விரிக்காதீர்கள், துருப்பின்னைப் பிடுங்கிப் புதுப்பின் அடிக்காதீர்கள். லேமினேஷன் செய்த புத்தகத்தை யாராலும் மீட்க முடியாது. அன்பினால் செய்யும் இந்தப் பழுதுகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இனி விலை. அமெரிக்காவில் 1970 முதல் ஓவர்ஸ்ட்ரீட் விலை நூல் வருகிறது. தமிழ்க் காமிக்ஸுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட நூல் கிடையாது. ஒருவர் கேட்கும் விலை விலையல்ல. கைமாறிய விலைதான் விலை. பேஸ்புக் குழுக்களில் ஒருவர் ஐயாயிரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது விற்றதா என்று கேளுங்கள். சென்னை, ஈரோடு புத்தகத் திருவிழாக்களுக்கு வரும் பழைய வாசகர்களிடம் பேசினால் எந்த இதழ் உண்மையில் கிடைப்பதில்லை என்பது தெரியும். பெயரையும் சரியாகச் சொல்ல வேண்டும். முத்து காமிக்ஸின் மாயாவி இரும்புக்கைக்காரர். ராணி காமிக்ஸின் மாயாவி முகமூடி போட்ட வேறு ஆள், முத்துவில் அவரே வேதாளன். இந்தக் குழப்பத்தில் பணம் இழந்தவர்கள் உண்டு. மறுபதிப்புகளும் பல வந்துவிட்டன. அச்சிட்ட விலை, முகவரி, விளம்பரங்கள், தாளின் தன்மை ஆகியவற்றைப் பார்த்தால் எது மூலம் என்று புரியும். கதையை மட்டும் படிக்க விரும்புகிறவருக்கு மறுபதிப்பே மேல்.

வெளிநாட்டுக்கு அனுப்பி மதிப்பெண் வாங்கிப் பெட்டிக்குள் அடைக்க வேண்டுமா? தமிழ் இதழ்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. கட்டணமும் போக்குவரத்தும் சேர்ந்து புத்தகத்தின் விலையை விழுங்கிவிடும். வாங்குகிற தமிழ் வாசகரும் அதைப் புரட்டிப் பார்க்கத்தான் வாங்குகிறார். நம்மிடையே சீட்டு ஒட்ட நிறுவனம் இல்லாத இடத்தில் விற்பவரின் வார்த்தைதான் சீட்டு. அதில் குறையை முதலில் சொல்ல வேண்டும்.

அன்று மாலைக்குள் பெட்டியிலிருந்த இதழ்கள் ஹாலின் உள்சுவர் ஓரமாக மர அலமாரிக்கு மாறின. டீமேக்கர் பழைய கணக்கு நோட்டிலிருந்து தாள் கிழித்து, ஃபாக்டரியில் சாம்பிள் சீட்டு எழுதிய அதே சிறிய கையெழுத்தில், மாயாவிக்கு எழுதி வைத்தார்: "அட்டை உண்டு. நடுத்தாள் உண்டு. பக்கம் குறையில்லை. இரண்டு பின்னும் துரு. மேல் ஓரம் ஈரக்கறை. புள்ளி உண்டு. முதல் பக்கத்தில் என் மகன் பெயர்."