900 கிராம் டென்ட்... கம்பு எங்கேடா?

"சித்தப்பா, வெறும் 900 கிராம்தான். ஆஃபர் இன்னிக்கு ராத்திரியோட முடியுது. வாங்கிடவா?"

அண்ணன் மகன் போனை நீட்டினான். முதல் வேலை; மூன்றாவது மாதச் சம்பளம். ஜூலையில் தென்காசியிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் போகப்போகிறான். டென்ட், துணிமணி, அடுப்பு என எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு கிளம்பும் 'பைக்பேக்கிங்' பயணம். டென்ட் விலை 18,000 ரூபாய். "ராத்திரியில மழை, காத்து வந்தா பிள்ளை என்ன பண்ணுவான்?" என்பது அண்ணியின் கவலை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "டென்ட்டைத் தாங்குற கம்பு எங்கேடா?"

தேடினான். இல்லை. எடை குறைந்த ரகசியமே அதுதான். மலையேறுகிறவர்கள் கையில் ஊன்றிப் போகும் குச்சியை நட்டு நிறுத்தும் ரகம் அது. சைக்கிள்காரனிடம் அந்தக் குச்சி ஏது? தனியாக வாங்கினால் எடையும் ஏறும், செலவும் ஏறும்.

கிராமை மட்டும் பார்த்து நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். குற்றாலம் பக்கம் நண்பரின் தோப்பில், ஒற்றைத் துணி டென்ட்டில் படுத்தேன். நடுராத்திரி முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். 'ஒழுகுது' என்று டென்ட்டைத் திட்டினேன். காலையில் பார்த்தால், வெளியே தரை காய்ந்து கிடக்கிறது! என் மூச்சின் ஈரம்தான் குளிர்ந்த துணியில் நீராகி என் மேலேயே சொட்டியிருக்கிறது.

ஆகவே, நம் ஊர் ஈரக்காற்றுக்கு இரண்டு அடுக்கு டென்ட்தான் நல்லது. உள்ளே வலை, வெளியே மழைத்துணி. ஈரம் வலையைத் தாண்டிப் போய் வெளித்துணியில் படியும்; உங்கள் மேல் விழாது. மழைத்துணியின் தையல்களில் டேப் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது, கம்பு மடங்கும் நீளம். சாதாரண டென்ட் கம்பு மடக்கினாலும் 45 செ.மீ. வரை இருக்கும். வளைந்த ஹேண்டில்பாரின் அகலமே 40 முதல் 44 செ.மீ.தான். நடுவில் கட்டினால் பிரேக் பிடிக்கும் விரலை இடிக்கும். சைக்கிளுக்கென்றே 30 செ.மீ. அளவுக்கு மடங்கும் கம்புகள் வருகின்றன.

மூன்றாவது, முளை அடிக்காமலே நிற்கும் டென்ட்டா என்பது. பாறையிலும் சிமென்ட் தரையிலும் முளை இறங்காது. ஆனால், காற்றடிக்கும் இடத்தில் கயிறு இழுத்துக் கட்டியே ஆகவேண்டும். அவன் கடக்கப்போகும் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன?

கடைசியில் அவன் வாங்கியது ஒன்றரைக் கிலோ டென்ட். கூடுதலான அரைக் கிலோ சொச்சத்தை, வழியில் குழாய் பார்த்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் சரிக்கட்டிவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ ஆயிற்றே!

புது டென்ட்டைப் பயணத்தில்தான் முதன்முதலாகப் பிரிப்பேன் என்று இருக்காதீர்கள். அவன் மொட்டை மாடியில் போட்டு உள்ளே படுத்தான். அண்ணி சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கி மேலே ஊற்றினார்.

நனையாமல் வெளியே வந்தான்.

"சரி, போயிட்டு வா. ராத்திரி எங்க தங்குனாலும் இடத்துக்காரங்ககிட்ட கேட்டுட்டுப் படு. காட்டுப்பக்கம் அனுமதி இல்லாம தங்காதே" என்றார் அண்ணி.