முதலெழுத்து யாது?

ஒரு சொல் இன்ன எழுத்தில் தொடங்குகின்றதா என்பது, பள்ளிச் சிறாரும் எளிதில் விடையிறுக்கத்தக்க வினா. ஆயின் அதனையே தமிழ்ச்சொற்களைக் குறித்துக் கணினியிடம் வினவுங்கால், விடை நாம் எதிர்பார்த்தவாறு அமைவதில்லை. நிரலெழுதப் பயிலும் நம் மாணவர் இதன் காரணத்தைத் தெளிதல் இன்றியமையாதது என்பது எமது துணிபு.

பைதான், ஜாவா முதலிய நிரல்மொழிகளில் 'ஸ்டார்ட்ஸ்வித்' என்றொரு கட்டளை உண்டு. தரப்பட்ட முன்னொட்டு ஒரு சொல்லின் தலைக்கண் உளதா, இலதா என அஃது உரைக்கும். 'கிளி' என்பது 'க' என்பதில் தொடங்குகின்றதா என வினவின், 'ஆம்' என்றே விடை வரும். கணினி எழுத்தின் வடிவை நோக்குவதன்று. அதற்குரிய எண்களையே ஒப்பிடுவது. 1991ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த ஒருங்குறி முறையில், ககரத்திற்கு 2965 என்னும் எண்ணும், அதனையடுத்து வரும் இகரக் குறிக்கு 3007 என்னும் எண்ணும் உரியன. முதலெண் ஒத்தலின் கணினி உடன்படுகின்றது.

இலக்கண நூலாரோ, 'கி' என்பது ககர மெய்யும் இகர உயிரும் கூடியது என்பர். ஆயினும் 'கிளி' என்பது 'க்' என்னும் மெய்யில் தொடங்குகின்றதா என வினவின், கணினி மறுக்கும். புள்ளிக்கு 3021 என்னும் தனியெண் இருத்தலே காரணம்.

இதனினும் இடர் தருவது ஒன்றுண்டு. 'கொ' என்பதன் குறியை 3018 என ஓரெண்ணாலும், 3014, 3006 என ஈரெண்ணாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயின் ஈரெண்ணால் எழுதப்பட்ட 'கொடி'யைக் கணினி 'கெ' என்பதில் தொடங்குவதாகக் கூறும். ஓரெண்ணால் எழுதிய 'கொ'வைக் கொண்டு தேடுவார்க்கோ அச்சொல் அகப்படாது. நூலகப் பட்டியலில் இந்நிலை நேரின், அலமாரியில் உள்ள நூலும் இல்லையென்றாகிவிடும்.

அகராதிகளில் ககர வருக்கம் முழுதும் ஒருங்கே நிற்றலின், 'கிளி'யைக் ககரத்தின்கீழ்க் கொள்வதில் குற்றமென்னை எனச் சிலர் வினவலாம். வருக்கத்தைத் தேடுவார்க்கு அது நன்றே. எழுத்தைத் தேடுவார்க்கு அது பிழையாம். எதனைத் தேடுகின்றோம் என்பதை முடிவுசெய்தல் நிரலெழுதுவோன் கடமை, கட்டளையின் கடமையன்று.

பரிகாரம் அரிதன்று. முதற்கண் சொல்லையும் முன்னொட்டையும் ஒரே குறியீட்டு வடிவிற்குக் கொணர்தல் வேண்டும். பின்னர், முன்னொட்டினை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ நிற்குமாயின், 'அன்று' என விடை கொள்ளுதல் வேண்டும். இதற்குச் சில வரிகளே போதும். ஆங்கிலச் சொற்களைக்கொண்டு மட்டும் சோதித்து அமையாது, 'கிளி'யையும் 'கொடி'யையும் வைத்துச் சோதித்த பின்னரே தம் நிரல் தமிழுக்கு ஏற்றதென மாணவர் கூறுவாராக.